பொய்ச் சாட்சி

கோயமுத்தூர்ச் சீமையில் ஒரு மோட்டார் வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டால், வண்டிக்காரர் தனியாக நிற்க வேண்டியதே இல்லை. ஐந்து நிமிஷத்துக்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இன்னொருவர் பம்பு செட்டுப் பட்டறைக்காரர். மூன்றாமவரின் மைத்துனர் லேத்து வைத்திருப்பார். நாலாமவருக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் அவர்தான் முதலில் யோசனை சொல்லுவார்!

இந்த மண்ணின் வாசி அப்படி. சூலூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதை அக்கக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒற்றை பஸ் விட்டுப் பெரிய நிறுவனமாக வளர்த்தவரும் அவரே. கழற்றிப் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற அந்தப் பிடிவாதத்தை அவர் இந்த ஊருக்குச் சொத்தாக வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் இன்றைய வண்டியில் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பினால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் அயல்நாட்டு வண்டி ஒன்றைப் பழசாக வாங்கி, “இனிமேல் பஸ்ஸில் இடிபட வேண்டாம், அப்பா” என்று வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். ஆசிரியரும் அவர் மனைவியும் மாதம் ஒரு தடவை பழநிக்குப் போய்வந்தார்கள். ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது.

பெரிய வர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கானரைச் செருகினார்கள். ‘பி0455’ என்று ஓர் எண் வந்தது. பெட்ரோல் ஆவி பெரிய அளவில் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். தொட்டியின் மூடியை மாற்றினார்கள். பத்து நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. கரி டப்பாவை மாற்றினார்கள். ஒரு மாதப் பென்ஷன் போயிற்று. விளக்கு மறுபடியும் எரிந்தது. “தொட்டியையே மாற்ற வேண்டும்” என்றார்கள். ஆசிரியர் என்னிடம் வந்து, “பையன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. விற்றால் வருத்தப்படுவான், செலவைச் சொன்னால் பணம் அனுப்புவான். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை” என்றார்.

பெட்ரோல் விசித்திரமான வஸ்து. சும்மா வைத்திருந்தாலே ஆவியாகும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பழைய வண்டிகளில் மூடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும்; ஆவி வெளியே போகும், காற்று உள்ளே வரும். இந்த ஆவி ஊர்க் காற்றைக் கெடுக்கிறது என்று கண்டு, அமெரிக்காவில் 1971-ஆம் வருஷ வண்டிகளிலிருந்து அதைப் பிடித்துவைக்கச் சட்டம் செய்தார்கள். பிடித்துவைப்பது எது தெரியுமா? கரி! பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அந்த மாதிரிப் பக்குவப்படுத்திய, நுண்துளைகள் நிறைந்த கரி. எஞ்சின் ஓடும்போது கரியிலிருந்து ஆவியை உறிஞ்சி எரித்துவிடும்.

1996-க்குப் பிறகு அந்த நாட்டு வண்டிகளில், கசிவு உண்டா என்று கம்ப்யூட்டரே சோதிக்க வேண்டும் என்றாயிற்று. ஒரு மில்லிமீட்டர்த் துவாரம் இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டுமாம். வழிகளையெல்லாம் மூடி, தொட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே அழுத்தம் குறைந்து அப்படியே நிற்கிறதா என்று அது பார்க்கிறது. பார்ப்பதற்குக் கம்ப்யூட்டருக்குக் கண் ஏது? தொட்டியின் மேல் ஒரு சிறு சென்சார் இருக்கிறது. அதற்குள் மெல்லிய சவ்வு. அது வளைவதற்குத் தக்கபடி 5 வோல்ட்டுக்குள் ஒரு மின்சார அளவை அனுப்பும். கம்ப்யூட்டர் அறிந்ததெல்லாம் அந்த ஒரு சாட்சியின் வாக்குமூலந்தான்.

சிங்காநல்லூரில் ஒரு சந்துக்குள் ஷெட்டுப் போட்டிருக்கும் இளைஞனிடம் ஆசிரியரை அழைத்துப் போனேன். பக்கத்தில் பீடி பற்றவைக்க இருந்தவரை முதலில் தெருக்கோடிக்கு அனுப்பினான். பிறகு தொட்டியின் குழாயில் மெதுவாகப் புகையைச் செலுத்தினான். மூடி, குழாய், இணைப்பு எதிலும் ஓர் இழைகூட வெளியே வரவில்லை. கசிவே இல்லை!

அடுத்தபடியாகத் தனியாக ஒரு கேஜைப் பொருத்தி, கைப்பம்பினால் கொஞ்சம் காற்றை உறிஞ்சினான். கேஜின் முள் இறங்கி அசையாமல் நின்றது. ஸ்கானரிலோ அதே பூஜ்யம். மூடியைத் திறந்தான். வெளிக்காற்றும் உள்காற்றும் ஒன்றானபின் பூஜ்யம் காட்டுவது நியாயம், காட்டியது. அடைத்தாலும் பூஜ்யம், திறந்தாலும் பூஜ்யம்!

“வயர் அத்துப் போயிருந்தாலும் இருக்குமுங்க, பார்த்துப் போடலாம்” என்று சென்சாரின் இணைப்பைக் கழற்றினான். ஸ்கானரில் அளவு ஒரு கோடிக்குப் பாய்ந்தது. இணைப்பின் இரண்டு முனைகளைச் சிறு கம்பியால் சேர்த்ததும் மறு கோடிக்குத் தாவியது. வயரும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது. சென்சாருக்குப் போகும் துளையிலும் அடைப்பில்லை. மிச்சம் இருப்பது சென்சார் ஒன்றுதான்.

“ஏந்தம்பி, அப்போது கம்ப்யூட்டர் பொய் சொல்லிற்றா?” என்று கேட்டார் ஆசிரியர்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லலீங்கய்யா. அதுக்குச் சேதி சொன்னவன் பொய் சொல்லிப் போட்டானுங்க.”

அழுத்தம் குறையவில்லை என்று சென்சார் சொன்னது. அப்படியானால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியது. சாட்சியையே சோதிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாதது குற்றமில்லை. மனிதர்களுக்குத் தோன்றாததுதான் விந்தை. எண் என்ன சொல்லிற்றோ அதை நம்பி, நல்ல மூடியையும் நல்ல கரி டப்பாவையும் குப்பையில் போட்டார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கும் வைத்தியர் நோயாளியின் நாக்கையும் ஒரு தடவை நீட்டச் சொல்லிப் பார்ப்பதில்லையா?

புதுச் சென்சார் வரவழைக்கப் பத்து நாளாயிற்று. அதைப் பொருத்திய பின் விளக்கு எரியவில்லை. அந்த இளைஞன் பென்சிலால் எழுதிக் கொடுத்த பில்லை ஆசிரியர் கணக்கு நோட்டைத் திருத்துவதுபோல் வாசித்தார். சென்சாரின் விலை, பொருத்திய கூலி. அவ்வளவுதான். எது கெட்டது என்று தேடிய ஒன்றரை மணி நேரத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

“இதை ஏன் எழுதவில்லை?” என்றார்.

“அதுக்கு என்னன்னு எழுதறதுங்க?” என்றான் அவன்.

ஆசிரியர் அந்த வரியைத் தாமே எழுதி, தொகையும் போட்டு, கூட்டிக் கொடுத்தார்.