இளவேனிலும் ஒரு தொடக்கப்பள்ளியும்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக்கொண்டனர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். தொல்காப்பியம் பின்பனியையும் வேனிலையும் பாலைத் திணைக்கு உரியனவாக வைக்கிறது. பாலைக்கு உரிய பொருள் பிரிவு. ஆண்டுதோறும் வகுப்பறையில் இந்த இலக்கணத்தை நடத்திவரும் எங்களுக்கு, அது ஒரு தொடக்கப்பள்ளியின் நாட்காட்டிக்கும் பொருந்திவருவது 2025ஆம் ஆண்டு மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில்தான் தெரியவந்தது.

நாங்கள் என்பது ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை ஆசிரியர்கள் மூவர். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் எங்களிடம் இருந்ததால், ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு வெண்ணாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றோம். அவ்வூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில்தான் எங்களுக்குத் தங்குமிடம் கிடைத்தது. இரண்டு வகுப்பறைகள், ஒரு தாழ்வாரம், சமையற்கூடம், கிணற்றடியில் ஒரு புங்கமரம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து காய்பிடித்து நின்றது. மேட்டூர் அணை வழக்கம்போல் சனவரியில் மூடப்பட்டிருந்ததால் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. புங்கு பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிர்விட்டுக்கொண்டிருந்தது.

பள்ளியில் இருபத்துமூன்று குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் இருவர் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதை ஏழு நாளும் பார்த்தோம். ஓர் அறையில் தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருப்பார். அதே அறையின் மறுமூலையில் முதல் வகுப்புக் குழந்தைகள் எழுத்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும். அடுக்கி முடித்த குழந்தை எழுந்து வந்து அவர் புடவைத் தலைப்பை இழுக்கும். கழித்தல் நிற்கும்; அட்டைகள் சரிபார்க்கப்படும்; மீண்டும் கழித்தல் தொடரும். கல்லூரியில் ஒரு மணி நேர வகுப்பை முடித்துவிட்டுத் தேநீருக்குச் செல்லும் எங்களால் அந்த ஆசிரியையின் ஒரு முற்பகலைக்கூடத் தாக்குப்பிடிக்க இயலாது என்று எங்களுள் பேசிக்கொண்டோம்.

இருபத்துமூவரில் எட்டுப் பேர் ஐந்தாம் வகுப்பு. அவர்கள் கோடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள நடுநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடுவார்கள். எஞ்சுவது பதினைந்து. தொடக்கப்பள்ளிக்கு இளவேனில் என்பது இந்தக் கணக்குதான். பிற அலுவலகங்கள் மார்ச்சு மாதத்தில் பணத்தைக் கணக்கிடும்போது, தொடக்கப்பள்ளி தலைகளை எண்ணுகிறது. அவ்வாண்டு அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை மார்ச்சு 1ஆம் நாளிலேயே தொடங்கிவிட்டது. தலைமையாசிரியை அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து ஐந்து வயது நிறையும் குழந்தைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவந்திருந்தார். ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் தாயின் பெயர், தெருவின் பெயர், கடைசிக் கட்டம் வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தின் பொருளை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு, ஒரு மாணவரும் இல்லாமற்போன 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றத் தமிழக அரசு முடிவெடுத்தது. நூலகம் என்ற சொல்லைக் கேட்டால் மகிழ்வது நம்மைப் போன்றோரின் இயல்பு. ஆயினும் எழுத்தறிவிக்க ஒரு குழந்தையும் வராத ஊரில் திறக்கப்படும் நூலகத்துக்கு நாளை வாசகர் எங்கிருந்து வருவார் என்ற கேள்வி அம்மகிழ்ச்சியைத் தடுத்துவிடுகிறது. எங்கள் துறையில் இளங்கலைத் தமிழ் படிக்க வருவோரில் பெரும்பாலோர் இத்தகைய இரண்டு ஆசிரியர் பள்ளிகளில் 'அ' எழுதப் பழகியவர்கள். ஆகவே அந்தத் தாளிலிருந்த ஒன்பது வெற்றிடங்களும் ஒருவகையில் எங்கள் துறையின் வெற்றிடங்களே.

முகாமின் மூன்றாம் நாள் மாலை தலைமையாசிரியையுடன் நாங்களும் வீடுவீடாகச் சென்றோம். எங்களிடம் வாதங்கள் நிறைய இருந்தன. தாய்மொழிவழிக் கல்வியின் பயன், கட்டணமின்மை, பாடநூலும் சீருடையும், நாளை கிடைக்கக்கூடிய இடஒதுக்கீடு என்று வரிசையாகச் சொல்ல ஆயத்தமாயிருந்தோம். முதல் வீட்டிலிருந்த இளந்தாய் எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அதெல்லாம் சரிங்க சார். வேன் வருமா?"

எங்களுக்கு விளங்கவில்லை. பள்ளி அவர் வீட்டிலிருந்து இருநூறு அடியில் இருந்தது. அவரே விளக்கினார். "உளுந்து எடுக்கப் போறதுன்னா விடியக்காலமே வயல்ல நிக்கணும். வெயில் ஏறுச்சுன்னா நெத்து வெடிச்சிடும். ஏழேகாலுக்கு வேன் வந்துச்சுன்னா புள்ளய ஏத்தி விட்டுட்டுக் கவலையில்லாமப் போயிடுவேன். சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் கொண்டாந்து வுடுவான். அதுக்குள்ள நானும் வந்துடுவேன்."

தலைமையாசிரியை காலைப் பொழுதுக்கு விடை வைத்திருந்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. அவ்வூரில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் இருவர் ஆறரை மணிக்கே வந்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். "ஏழு மணிக்கே கொண்டாந்து வுடுங்கம்மா. பாத்துக்க ஆளிருக்கு. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுட்டு வெளையாடிக்கிட்டு இருக்கும்," என்றார்.

"காலையில சரிங்க டீச்சர். சாயங்காலம் நாலு மணிக்குமேல யாரு பாத்துக்கிறது? இப்ப ஆறு காஞ்சு கெடக்கு. வைகாசி கடைசியில தண்ணி வந்துடுமே."

அக்கேள்விக்கு விடை சொல்ல யாராலும் இயலவில்லை. ஒன்பது வீடுகளில் ஆறு வீடுகளில் வெவ்வேறு சொற்களில் இதையே கேட்டோம். ஆங்கிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் இரண்டு வீட்டார் மட்டுமே. கட்டணத்துக்காகக் குழுக் கடன் வாங்கும் தாய்மார்கள் ஆங்கில மோகத்தில் வாங்குகிறார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அவ்வூரில் அவர்கள் வாங்கியது ஒரு வேலைநாளின் நிம்மதியை.

முகாமில் எங்கள் மாணவர்கள் பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு ஒரு கையெழுத்துச் செய்தித்தாள் எழுதச் செய்தார்கள். பெரிய அட்டையில் ஒட்டித் தாழ்வாரச் சுவரில் மாட்டினோம். ஊர்ச் செய்திகள் என்பது தலைப்பு. ஒருவன் தன் வீட்டுப் பசு கன்று ஈன்றதை எழுதியிருந்தான். ஒருத்தி இலுப்பைப்பூ உதிரத் தொடங்கியதையும் அதைப் பொறுக்கத் தன் பாட்டி சாக்குடன் செல்வதையும் எழுதியிருந்தாள். செம்போத்து கூடு கட்டிய மூங்கிற்புதரின் இடத்தை மட்டும் வெளியிடுவதில்லை என்று ஆசிரியர் குழு முடிவெடுத்திருந்தது. கீழ்மூலையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் செய்தி: புதன்கிழமை வேன் வரவில்லை, அன்று எங்கள் தெருவில் விளையாட ஐந்து பேர் கூடுதலாக இருந்தார்கள். நாங்கள் வீடுவீடாகச் சென்று திரட்டியவற்றின் மறுபக்கத்தை அச்சிறுமி இரண்டு வரியில் எழுதிவிட்டாள். வேனில் செல்லும் குழந்தைகள் அவளுக்குப் பள்ளித் தோழர்களாக மட்டுமல்ல, தெருத் தோழர்களாகவும் இல்லாமற்போய்விட்டார்கள்.

முகாம் முடிந்து திரும்பிய பின்னும் அந்த நாலு மணிக் கேள்வி எங்களைத் தொடர்ந்தது. பங்குனிக் கடைசியில் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தபோது மீண்டும் சென்றோம். கோடையின் கடுமையை எண்ணி அவ்வாண்டு தொடக்கப்பள்ளித் தேர்வுகள் ஏப்ரல் 7ஆம் நாளே தொடங்கவிருந்தன. ஆகையால் விழாவை அதற்கு முந்தைய வாரம் வைத்திருந்தார்கள்.

விழாவன்று மாலை ஊரார் கல்விச்சீர் கொண்டுவந்தனர். தமிழகத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் இப்போது காணும் வழக்கம் இது. பெண் வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போல, பிள்ளையார் கோவிலடியிலிருந்து மேளதாளத்துடன் புறப்பட்டுத் தெருவழியே வருகிறார்கள். பெண்களின் கைகளில் தாம்பாளங்கள். அவற்றில் பழம், வெற்றிலையோடு குறிப்பேடுகள், எழுதுகோல்கள், வண்ணப் பென்சில்கள், ஓர் உலக உருண்டை. பின்னால் ஆடவர் சுமந்துவருவன இரண்டு மின்விசிறிகள், ஓர் இரும்பு அலமாரி, பன்னிரண்டு நாற்காலிகள். வாயிலில் ஆசிரியர்கள் சந்தனமும் குங்குமமும் கொடுத்து எதிர்கொண்டனர். ஒரு மூதாட்டி மட்டும் தாம்பாளமின்றி ஒரு மரக்கால் உளுந்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்து சமையற்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஊர் பள்ளிக்குக் கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டு கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாக, காமராசர் ஆட்சிக் காலத்தில் ஊரார் தம் பள்ளிகளுக்குக் கட்டடமும் தளவாடமும் அளித்தனர். அவ்வியக்கத்தின் பின்னே நின்றவர் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. அன்றைக்குக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தார்கள். இன்று எங்கள் கண்முன் சீர் சுமந்து வந்தவர்களில் பாதிப்பேரின் பேரப்பிள்ளைகள் வேனில் செல்பவர்கள். இதைச் சொல்வது அவர்களைக் குறைகூற அன்று. பள்ளியின்மீது அவர்கள் வைத்திருக்கும் அன்பு உண்மையானது. அலமாரியின் விலையிலேயே அது தெரிந்தது. ஆனால் அந்த அன்பு தாம் படித்த பள்ளியின்மீது. பேரப்பிள்ளையை எங்கே விடுவது என்பதை முடிவுசெய்பவர் மருமகள். அவர் கேட்பது மாலை நாலு மணிக்குமேல் என்ன என்பதை.

விழா மேடையில் குழந்தைகள் ஆடிப் பாடி, வரவேற்புரை சொன்ன ஐந்தாம் வகுப்புச் சிறுமி தொண்டை அடைத்து நின்று, பின்னர்ச் சமாளித்துக்கொண்டு முடித்தாள். அது அவளுக்கு அப்பள்ளியில் கடைசி விழா. விழா முடிந்தபின் பள்ளி மேலாண்மைக் குழு புங்கமரத்தடியில் கூடியது. சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். அவ்வூரில் தலைவராக இருந்தவர் இரண்டாம் வகுப்புக் குழந்தையின் தாய். நூறு நாள் வேலைக்குச் செல்பவர். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்: "பீரோ வந்துடுச்சு, ஃபேன் வந்துடுச்சு. நாலு மணிக்குமேல உக்கார ஓர் ஆளு வேணும். அதப் பேசுங்க."

அவ்வூரைச் சேர்ந்த மாணவியர் இருவர் எங்கள் துறையில் படித்துக்கொண்டிருந்தனர். கல்லூரி பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். மூன்றரைக்குள் ஊருக்கு வந்துவிடுவார்கள். சூன் மாதம் முதல் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பள்ளித் தாழ்வாரத்தில் குழந்தைகளை வைத்துக்கொள்வதாக அவர்களே முன்வந்தனர். படிப்பு, கதை, விளையாட்டு எதுவாயினும் சரி. யாரும் தனியே ஆற்றுப்பக்கம் போகக்கூடாது, தாய் வந்தபின்தான் குழந்தை வீடு செல்ல வேண்டும். ஆளுக்கு மாதந்தோறும் ஒரு சிறுதொகையைச் சீர்க்குழுவினர் கொடுப்பதென்று முடிவாயிற்று. தலைமையாசிரியை தீர்மானப் பதிவேட்டில் எழுதி அனைவரிடமும் கையொப்பம் வாங்கினார்.

ஏப்ரல் கடைசியில் எட்டுப் பேரும் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றார்கள். சூன் 2ஆம் நாள் பள்ளி திறந்தது. அன்று மாலை தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். ஒன்பது பெயர்களில் ஆறு பேர் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தனர். வேனில் சென்றுகொண்டிருந்த ஒரு குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்திருந்தது. எஞ்சியிருந்த பதினைந்தோடு சேர்த்தால் இருபத்திரண்டு. சென்ற ஆண்டைவிட ஒன்று குறைவு. வெற்றி என்று விளம்பரம் செய்யத்தக்க எண்ணிக்கை அன்று. ஆனால் எட்டுப் பேர் பிரிந்துசென்ற பள்ளி, ஏழு பேரைப் பெற்று நின்றுகொண்டது.

தமிழ்வழிப் பள்ளிகளைக் காப்பது பற்றி நம்மைப் போன்ற இலக்கிய அன்பர்கள் எழுதுபவை பெரும்பாலும் மொழியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றின் தேவை குறைந்துவிடவில்லை. ஆயினும் ஒரு தாயின் வேலைநாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை அறியாமல் மொழியைப் பற்றி மட்டும் பேசும் பேச்சு, அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. அடுப்பு மூட்டும் இரு பெண்கள் காலையைப் பார்த்துக்கொண்டார்கள். தமிழ் படிக்கும் இரு பெண்கள் மாலையைப் பார்த்துக்கொள்ள வந்தார்கள். இடைப்பட்ட பொழுதில்தான் ஆசிரியர்கள் எழுத்தறிவிக்க முடிந்தது.

சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நீர் வெண்ணாற்றுக்கு வந்துசேரச் சில நாட்களாகும். எங்கள் மாணவியர் இருவரும் அந்நாட்களில் ஐந்தரை மணிக்குத் தாழ்வாரத்தில் இருந்த குழந்தைகளை ஒருமுறை எண்ணி, ஆறு மணிக்குத் தாய்மார் வந்து அழைத்துச் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.