வந்த வழியே ஒரு பயணம்

ஹாலிஎலச் சந்தி பெரிய இடமன்று. ஆயினும் மலைநாட்டின் முக்கியமான இரு வீதிகள் அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பேராதனையிலே தொடங்கி, கம்பளை, நுவரெலியா, வெலிமடை வழியாக வரும் ஏ5 வீதி ஹாலிஎலையைத் தொட்டுப் பதுளை, பசறை, பிபிலை என நீண்டு கிழக்கே செங்கலடிவரை செல்கின்றது. பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைக் கடந்து வரும் ஏ16 வீதி அதே சந்தியில் முடிவடைகின்றது. 1924 இல் பதுளைவரை நீட்டப்பட்ட இருப்புப்பாதையிலும் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎலதான். நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் இந்தச் சிற்றூரைப் பல நாட்டவரும் கடந்து செல்கின்றனர், நிற்பவர் சிலரே.

ஏ5 வீதி தொடங்கும் பேராதனையிலேதான் நான் கலைப்பீடத்தில் பயில்கின்றேன். படிக்கும் இடத்தையும் பிறந்த இடத்தையும் ஒரே வீதி இணைத்திருப்பினும், அவ்வீதியில் என் விருப்பப்படி ஓரிடத்திலேனும் நான் இறங்கி நின்றதில்லை. பேருந்து நின்ற இடத்தில் நின்றேன். அது புறப்பட்டபோது புறப்பட்டேன். தோட்டத்திலே வளர்ந்தவர்களுக்கு வீதி என்பது காரியத்துக்குரியது. ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் கொழும்பிலே கடை வேலைக்கும் அதன்வழியே போகின்றோம். பார்ப்பதற்கென்று போவது கதிர்காமத்தோடும் சிவனொளிபாத மலையோடும் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆதலால், நாங்களே வாகனம் ஓட்டிச்சென்று நாட்டைப் பார்ப்பது என நண்பர் நால்வர் தீர்மானித்தபோது, எங்கள் கண்முன் இருந்த முன்மாதிரி வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமே.

அவர்கள் இத்தீவிலே முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்வதை எல்ல வீதியில் நாள்தோறும் காணலாம். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அவர்களுக்குத் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அவர்களுக்கு விளையாட்டாக அமையும் அந்த வண்டி எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாடு. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளைத் தோட்டத்திலிருந்து ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. எங்களுக்கு வண்டி தர முன்வந்தவர் நண்பன் ஒருவனின் அண்ணன். மாதந்தோறும் தவணைப்பணம் கட்டிவரும் அவர், ‘வண்டி நிற்கிற நாளுக்குள்ள வருமானத்தை மட்டும் குடுத்திடுங்க தம்பி’ என்றார். அது நியாயமான கேள்வி. எங்களுள் இருவரிடம் முச்சக்கர வண்டிக்குரிய அனுமதிப்பத்திரம் இருந்தது. முச்சக்கர வண்டி அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்ல முடியாது. ஆனால் நாங்கள் போக எண்ணிய திசையில் அதிவேக நெடுஞ்சாலையே இல்லையாதலால் அது குறையாகத் தோன்றவில்லை.

முதலில் வகுத்த திட்டம் எவரும் வகுக்கக்கூடியதே. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் ஆசனம். கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. பின்னர் வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் கடல். ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. எனவே கடலைச் சேர்த்துக்கொண்டதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. ஹாலிஎலைக்கு அண்மையிலேயே போகொடையில் கூரையிட்ட பழைய மரப்பாலம் ஒன்று உண்டு. அதையும் எழுதிக்கொண்டோம்.

வரைபடத்தை லயத்து வாசலில் விரித்து வைத்திருந்த ஒரு மாலையில் என் அப்பாயி அருகே வந்து அமர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, ‘ஏன் ராசா, இதுல தலமன்னாரு எங்க இருக்கு?’ என்று கேட்டார். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். ‘இம்புட்டுத் தூரமா?’ என்றார். வேறொன்றும் கூறவில்லை.

அவர் அந்த ஊரைக் கேட்டதன் காரணத்தை வீட்டிலுள்ள அனைவரும் அறிவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வெண்களுள் ஒன்று அப்பாயியின் அக்கா. 1973 இல் கணவனோடும் கைக்குழந்தையோடும் அவர் ஹாலிஎல நிலையத்திலே புகையிரதம் ஏறினார். தலைமன்னாரில் கப்பலேறப் போவதாகச் சொல்லிச் சென்றார். சில ஆண்டுகள் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது, பின்னர் வரவில்லை. அக்கா போன வழியின் கடைசி ஊர் என்பதைத் தவிர, தலைமன்னாரைப் பற்றி அப்பாயிக்கு வேறெதுவும் தெரியாது.

அன்றிரவு நால்வரும் பேசிப் பேசித் திட்டத்தை மாற்றினோம். அப்பாயிக்காக மட்டும் மாற்றினோம் எனக் கூறுவது முழு உண்மையாகாது. தலைமன்னார் அவருடைய அக்கா போன வழி; அதற்கு முன்னே எங்கள் முன்னோர் வந்த வழியும் அதுவே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், ‘வடக்கு வீதி’ என ஆங்கிலேயர் அழைத்த காட்டுப்பாதையால் மாத்தளைவரை நடந்தனர். குடிநீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொன்றன. அக்காலத்தோர் அறுவடைக்கு வந்து, அறுவடை முடியத் திரும்புவோராகவே பெரும்பாலும் இருந்தனர். கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் அழிக்கத் தொடங்கிய பின், அதனிடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. அதனால் வந்தவர்கள் தங்கினர். 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும், தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்கின. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 250 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைப் பலர் மீண்டும் நடந்து கடந்தனர். அப்பொழுது செய்தித்தாளில் அதைப் படித்தவர்கள்தான் நாங்கள். இப்போது அதே வழியைக் கீழிருந்து மேலாக அன்றி, மேலிருந்து கீழாக வண்டியிலே கடப்பது என முடிவாயிற்று.

புதிய திட்டத்துக்கு மூன்று வீதிகள் போதும். ஹாலிஎலையிலிருந்து பேராதனைவரை ஏ5. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை வழியே மதவாச்சிவரை ஏ9. மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், முருங்கன், மன்னார் வழியே தலைமன்னார்வரை ஏ14. ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நால்வர் மட்டும் போவதாயின் இரண்டு நாள் போதும். அப்பாயி வருவதாயின் போதாது. அவருடைய முழங்கால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மடங்கியிருக்காது. ஆகவே ‘எத்தனை இடம் பார்க்கலாம்’ என்றிருந்த கணக்கு, ‘எத்தனை இடத்தில் இறங்கி நடக்கலாம்’ என்றாயிற்று. முதல் நாள் வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா, இறம்பொடை, கம்பளை கடந்து பேராதனை. இரண்டாம் நாள் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நின்று தம்புள்ளை. மூன்றாம் நாள் சமவெளியில் மன்னார். நான்காம் நாள் காலை தலைமன்னார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே, அங்கே முதியவர் ஒருவர் பயன்படுத்தக்கூடிய கழிப்பிடம் உண்டா என்பதையும் விசாரித்து எழுதினோம். எந்த வழிகாட்டி நூலும் இதனைச் சொல்வதில்லை.

முச்சக்கர வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் எனச் சட்டம் வரையறுக்கின்றது. மலைவீதியில் அதுவும் கிட்டாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு ஏறுவதைக் காட்டிலும் அங்கிருந்து இறம்பொடைப் பக்கமாக இறங்குவதே கடினம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், தடுப்பை அழுத்திக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காது, ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்று வண்டிக்கார அண்ணன் எங்களுக்குப் பாடம் நடத்தினார். 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பேருந்தொன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் பின்னர், இருட்டியபின் மலைவீதியில் ஓடுவதில்லை என்பதைத் திட்டத்தின் முதல் வரியாக எழுதினோம்.

எந்த மாதம் என்பது அடுத்த கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் ஊவா காய்ந்து கிடக்க, இறம்பொடையும் கம்பளையும் நனைந்திருக்கும்; ஒக்டோபருக்குப் பின் ஊவாவும் மன்னாரும் ஒன்றாக நனையும். மலைநாட்டாருக்கு மழை அழகு மட்டுமன்று. எங்கள் மாகாணத்திலேயே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியது. முதலிலே நாங்கள் குறித்த தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில்தான் அத்தோட்டமும் உள்ளது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் மழையால் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து பல உயிர்கள் போயின. வீதிகளும் இருப்புப்பாதையும் பல இடங்களிலே அறுந்தன. ஆதலால் மழை குறைந்த பெப்ரவரியையே தேர்ந்தோம். அப்பொழுதும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு காலையும் பார்த்த பின்பே வண்டியை எடுப்பது, மஞ்சள் நிறமே வந்தாலும் அன்று மலைப்பகுதியில் ஓடாமல் தங்கிவிடுவது என்பதும் முடிவு.

செலவுக் கணக்கை அம்மாவே சரிபார்த்தார். போய்வர 35 இலீற்றர்வரை பெற்றோல் வேண்டும். 2022 இல் எரிபொருள் பங்கீட்டு முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்குக் கிடைத்தது 5 இலீற்றர். அக்கணக்கில் இஃது ஏழு வாரப் பங்கு. ‘பொழைக்க வந்த பாதையப் பாக்கவா இவ்வளவு காசு?’ என்று அம்மா கேட்டார். அவர் பேர் போடும் தோட்டத்தில் எத்தனை நாள் கொழுந்து பறித்தால் அப்பணம் சேரும் என்பதை நான் அறிவேன். அக்கேள்விக்கு நான் எளிதில் விடை கூறக்கூடவில்லை.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். அப்பாதையால் நடந்து வந்தவர்களின் வழிச்செலவு அவர்கள் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்து சேருமுன்பே அவர்கள் கடனாளிகள். ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போவதாயின், கடன்தொகை குறித்த ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். 1921 இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, எங்கே நிற்பது, எப்போது போவது என்பவற்றைக் கங்காணியும் துரையுமே தீர்மானித்தனர். பின்னர், யார் இங்கே இருப்பது, யார் கப்பலேறுவது என்பதை இரு நாட்டுத் தலைவர்கள் தீர்மானித்தனர். இந்தியாவுக்குச் செல்லாமல் எஞ்சியவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. அந்தப் பரம்பரையில் வந்த ஒருத்தி, தான் எங்கே இறங்க வேண்டும் என்று தானே சொல்லி, ஒரு வண்டி அதற்கிணங்க நிற்பதற்கு ஆகும் செலவு இது. இதை அம்மாவிடம் இவ்வாறு விரித்துரைக்கவில்லை. ‘அப்பாயி ஆசப்படுது அம்மா’ என்றேன். அவர் சீட்டுப் பணத்திலிருந்து ஒரு பகுதியைத் தந்தார்.

சாரதியைத் தவிர மூவருக்கே வண்டியில் இடமுண்டு. அப்பாயி வந்ததால் எங்களுள் ஒருவன் இறங்க வேண்டியதாயிற்று. அவன் தானாகவே முன்வந்து, பேருந்தில் மன்னாருக்கு வந்து எங்களுடன் சேர்ந்துகொள்வதாகக் கூறினான். திரும்பும்போது அவன் வண்டியிலும் வேறொருவன் பேருந்திலும் வருவதென ஒழுங்கு செய்தோம்.

நான்கு பக்கத்தில் திட்டம் எழுதி முடிந்தது. ஒவ்வோரிடத்துக்கும் சேரும் நேரமும் புறப்படும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. இறுதி நிறுத்தம் தலைமன்னார் இறங்குதுறை. 1980களில் போரோடு கப்பல் நின்றுபோனது. இன்று அங்கே காண்பதற்கு வெளிச்சவீடும் பழைய துறையும் கடலும்தான் உண்டு. அப்பாயிக்கு இதையும் சொல்லிவிட்டோம். ‘கடலத்தானே பாக்கப் போறேன்’ என்றார். அவ்விடத்துக்குச் சேரும் நேரத்தைக் காலை எட்டு மணி என எழுதியிருக்கின்றோம். புறப்படும் நேரத்தை வெறுமையாக விட்டுள்ளோம். அதனை அவர் சொல்வார்.