மாலைப் பொழுதை இழக்கும் மாணாக்கர்

நம் ஆய்க்குடியிலிருந்து அபிஷேகப்பட்டிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பயின்றுவரும் மாணாக்கர் சிலரிடம், அங்குள்ள வாழ்க்கையைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயம் யாதென விசாரித்தேன். 1990-ஆம் ஆண்டில் அது ஸ்தாபிக்கப்படும்வரை நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தன என்பதை அறிந்த எனக்கு, உயர்கல்வி இத்துணை அருகில் வந்திருப்பதே பெரும் பாக்கியமாகத் தோன்றுகிறது.

ஆனால் அவர்கள் பாக்கியமென்று கருதுவது வேறு. குமரிக் கடற்கரையிலிருந்தும் கோவில்பட்டிக் கரிசலிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒருவர் பேச்சை மற்றவர் வியந்து கேட்டு, சாதியும் ஊரும் விசாரியாமல் சிநேகம் கொள்வதையே அவர்கள் முதன்மையாகச் சொன்னார்கள்; கேட்க மனம் குளிர்ந்தது.

குறையும் ஒன்றுண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி எனக் கடந்து இருட்டுமுன் வீடு சேரவேண்டியிருப்பதால், நூலகத்தில் ஒரு கிரந்தத்தில் மனம் ஒன்றும் வேளையிலோ, மரத்தடியில் சம்பாஷணை சூடேறும் வேளையிலோ, இவர்கள் எழுந்துவிட நேர்கிறது. விடுதியில் தங்குவோர்க்கே அந்த மாலைப் பொழுது வாய்க்கிறது. (கல்வியின் செம்பாதி அப்போதுதான் நிகழ்கிறதென்பது என் திடமான நம்பிக்கை.)

"மாலையிலும் அங்கே இருக்க ஆசை, மாமா, விடுதிக்குப் பணம் கேட்க அப்பாவிடம் வாய் வரவில்லை" என்றாள், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட ஒரு பெண். அத்தகைய பெண்களின் விடுதிச் செலவை நம் ஊரார் சிலர் கூடி ஏற்கலாகாதா? இசைவுள்ளோர் எனக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.