உப்பு தின்ற நட்டுகள்

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,000 அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டுவதற்கு அங்கிருந்து உப்பு போகிறது. பனி உருகி வழி கிடைக்கும். கரைந்த உப்போ கார்களின் அடிவயிற்றில் அப்பிக்கொள்ளும். கார் செய்து பேர் வாங்கிய ஊரின் மண்ணுக்குள் கிடப்பதுதான் கார்களையும் அரிக்கிறது.

டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டு வாசல். 2002 மாடல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார் சொந்தக்காரர். கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சரைக் கழற்றிவிட்டு, அகலமான குழாய் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஆசையில் நியாயம் உண்டு. டர்போ எஞ்சினில் புகை சும்மா வெளியேறிவிடுவதில்லை. போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சிதான் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. சக்கரத்தைத் தாண்டிய புகை தடையில்லாமல் போனால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். ஆனால் பெரிய லாபம் டர்போவை ஒட்டிய முதல் குழாயில்தான் இருக்கிறது. பின்பக்கத்தை மட்டும் மாற்றுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமும், கொஞ்சம் எடைக் குறைவும்.

முதல் குழாயை அவர் தொடவில்லை, சரியான முடிவு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கேட்டலிடிக் கன்வர்ட்டர் அதற்குள் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும். 1990-ல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி, சொந்தக் காரிலேயே அதைக் கழற்றுவதும் சட்டவிரோதம்.

மீதி வேலை துருவோடுதான். முந்தின நாள் மாலையே, குழாய் ஆறிய பிறகு, ஒவ்வொரு நட்டுக்கும் துருநீக்கி எண்ணெய் அடித்து வைத்திருந்தார். காலையில் இன்னொரு முறை அடித்தார். 14 மி.மீ. சாக்கெட்டை மாட்டி நீளமான கைப்பிடியால் அழுத்தியபோது முதல் நட்டு கிறீச்சிட்டு இளகியது. இரண்டாவது அசையவில்லை. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து, எண்ணெய் விடு, மறுபடி இறுக்கு. முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். அப்புறம் வெட்டுவதைத் தவிர வழியில்லை. அரை மணி நேரம் கழித்து அதுவும் வந்தது.

அந்த போல்ட்டுகளில் ஸ்பிரிங் கோத்திருந்ததைப் பார்த்து அவர் சற்று நேரம் கையில் வைத்தே திருப்பிக்கொண்டிருந்தார். முடுக்கும்போது எஞ்சின் ஆடும், சூட்டில் குழாய் நீளும். இரண்டுக்கும் இடம் கொடுத்து, புகையும் கசியாமல் பார்த்துக்கொள்வது அந்த ஸ்பிரிங்தான். ஓட்டும்போது ஒருநாளும் கண்ணில் படாத ஏற்பாடு. புதுக் குழாய் விற்கிறவர்கள் கம்பெனிச் சைலன்சரைக் குப்பை என்று சொல்வது வழக்கம். அடியில் படுத்துப் பார்த்தவருக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

ரப்பர் தொங்கல்கள் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக் கழன்றன. கனமான சைலன்சர் முகத்தில் விழாதபடி கீழே ஜாக்கியை முட்டுக் கொடுத்து, வெட்டாமல், வளைக்காமல் முழுசாக இறக்கினார். ஷெட் சுவரோரம் சாய்த்து வைத்து, ஸ்பிரிங்குகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். நாளைக்குச் சத்தம் அலுத்துப்போனாலும், காரை விற்க நேர்ந்தாலும் இவை வேண்டியிருக்கும்.

புதுக் குழாயைப் புது கேஸ்கெட்டோடு பூட்டி எஞ்சினைக் கிளப்பினார். லேசாகப் புகைந்தது, குழாயில் ஒட்டியிருந்த எண்ணெயும் கைரேகையும் எரிகிற புகை. அது அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி அட்டையில் படுத்து, இணைப்புகளில் எங்காவது டிக் டிக்கென்று கசிவு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார்.