மருந்து தொட்ட துப்பறிவாளன்

சைபர்பங்க் என்றதும் நம்ம தலைமுறைக்கு மனசில் வருவது ஒரே படம்தான். விடாத மழை, நியான் வெளிச்சம், ஜப்பானிய எழுத்தில் விளம்பரப் பலகைகள், நடுவில் தூக்கம் கெட்ட ஒரு துப்பறிவாளன். தமிழில் இதெல்லாம் எங்கே என்று நண்பர்கள் கேட்டால் நான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைச் சொல்வேன். சிரிப்பார்கள். ‘அது நாய் பேசுற கதைல்லா?’

திரும்பப் படித்துப் பாருங்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பதோ நாம் இப்போதுதான் கடந்து வந்த 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்பவர் நாட்டை ஆள்கிறார். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று ஆட்களுக்கு இரண்டெழுத்தில் பெயர். சிபி ஒருநாள் காணாமல் போகிறான். மனைவி நிலா தேடிக் கிளம்புகிறாள். கூட வருவது இயந்திர நாய் ஜீனோ. அடிப்படையில் அது ஒரு துப்பறியும் கதை. எழுதியவர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். இயந்திரமும் அதிகாரமும் எங்கே கைகுலுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு அதில் முக்கியமான ஆள் ரவி. நிலாவின் வீட்டில் தங்க வருகிறான், உதவுகிறான், ஜீவாவுக்கு எதிரான ரகசியக் கூட்டத்தில் இருக்கிறான். நாயகன் என்றே நம்பிவிடுவோம். ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று அம்பலமான பிறகு, அவனும் மனோவும் நிலாவை ராணியாக்கிவிட்டுக் கயிறைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். ‘மீண்டும் ஜீனோ’ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெளிநாட்டு உதாரணங்களும் இதே ஜாதிதான். ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலில் டெக்கார்ட், ஆண்ட்ராய்டுகளைக் கொன்று சம்பாதிக்கிறான். உயிருள்ள ஒரு பிராணியை வாங்க அவனுக்குக் காசு வேண்டும். வில்லியம் கிப்ஸனின் ‘நியூரோமான்சர்’ 1984இல் வந்தது. அதில் வரும் கேஸ், முதலாளிகளிடமே திருடி மாட்டிய போதையடிமை. அமைப்பு எங்கும் நிறைந்திருக்கும் உலகத்தில் விசாரிக்கிறவனும் அதன் சம்பளப் பட்டியலில்தான் இருப்பான். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அப்படியில்லை. சென்னையிலிருந்து வருவார்கள், முடிச்சை அவிழ்ப்பார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் கையில் கறை படியாது.

இதையெல்லாம் நான் யோசிப்பது சாத்தூர்க்காரனாக இருப்பதால். உயர்ந்த தொழில்நுட்பமும் தாழ்ந்த வாழ்க்கையும் ஒரே தெருவில் இருப்பதுதான் சைபர்பங்க் என்றால், அதற்கு மழையும் நியானும் எதற்கு? வைப்பாற்றில் தண்ணீரே இல்லாத கோடையில் வந்து பாருங்கள். சேவுக் கடையில் க்யூஆர் அட்டை தொங்கும். ஸ்கேன் செய்யும் அக்காவின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னும். பெரிய ஆலைகளுக்கு லைசென்ஸ் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில். பசுமைப் பட்டாசுக்கு ஃபார்முலா தந்த நீரியும் நாக்பூரில். அந்தப் பட்டாசுப் பெட்டியிலும் ஒரு க்யூஆர் உண்டு, அசலா போலியா என்று பார்க்க.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. உள்குத்தகை என்ற சொல் அப்போது செய்திகளில் அடிபட்டது. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், அறை அறையாகப் பிரித்து வேறு வேறு ஆட்கள் வேலை நடத்துவார்கள். ஊருக்கு அது புதுச் சொல் இல்லை. சுஜாதா கற்பனை செய்த காலம் எங்களிடம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு சைபர்பங்க் துப்பறியும் நாவல் எழுதினால் நாயகன் யார்? சென்னையிலிருந்து வரும் வக்கீலிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போலீஸ் என்றால் கதவே திறக்காது. சொந்தத்தில் ஒரு மாமா முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவர். அவரிடம் கேட்டேன், நல்லவன் ஒருத்தன் வந்து இதை விசாரிக்கிற மாதிரி எழுதலாமா என்று. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நல்லவனுக்கு என்ன மாப்ள தெரியும்? மருந்து தொடாதவன் நம்ம ஊர்ல எவன் இருக்கான்? தொட்டவன்தான் சொல்லணும். தொட்டவன் சொல்லவும் மாட்டான்.”

அந்த நாவலின் மொத்த இழுபறியும் அவருடைய கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. அவனுக்கு எல்லாம் தெரியும். எந்த அறையில் அனுமதிக்கு மேல் ஆள் உட்கார்ந்தார்கள், வெயில் ஏறிய பிறகும் கலவையை நிறுத்தாமல் ஓட்டியது யார் சொல்லி, அதிகாரி வரும் நாளில் யாரெல்லாம் பின்வாசல் வழியாகப் போனார்கள் என்று. அவன் பெண்ணின் காலேஜ் ஃபீஸும் அதே பணத்தில்தான் கட்டப்பட்டது. இவனை வில்லன் என்று எழுதினால் பொய். தியாகி என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். இவனை மன்னிக்காமலும் கைவிடாமலும் முந்நூறு பக்கம் கூட நடக்கிற பொறுமை வேண்டும். அதற்குத்தான் இந்த வகை நாவல்.

பெட்டியை ஸ்கேன் செய்தால் பட்டாசு அசல்தான் என்று தெரிந்துவிடும். அறையில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த பெண் யார் என்று எந்த சர்வரிலும் இல்லை. அவள் பெயர் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுப்பவன்.