வாப்பும்மாவின் பேச்சும் மகளின் பட்டப்படிப்பும்



உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் எங்கள் ஊரில் ஒரே கேள்விதான் வீடு வீடாகச் சுற்றிவரும். "உங்கட புள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா?" உயிரியல் படித்த பிள்ளை வைத்தியராக வேண்டும், இல்லையென்றால் படித்ததே வீண். நானும் அப்படி நினைத்த ஒரு வாப்பாதான். அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் எனக்கு அந்தத் துறையைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என் மூத்த மகள் இரண்டாவது முறையும் எழுதி, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாள். மூன்று தடவைகள் எழுதலாம் என்பது சட்டம். இன்னொரு முறை எழுதட்டும் என்று நானும் மனைவியும் இரவோடிரவாக முடிவு செய்தோம். காலையில் சொன்னபோது அவள் அழவில்லை. "டொக்டராக வரவேணும் எண்டு நான் எப்ப வாப்பா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சொன்னதெல்லாம் நாங்கள்தான்.

"அப்ப என்னதான் படிக்கப் போறாய்?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அவள் வாப்பும்மாவின் பேச்சை எடுத்தாள்.

என் உம்மாவுக்கு அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் 'தண்ணி' என்ற சொல் வராது. வாய் ஏதோ தேடும், பிறகு கண் கலங்கும். ஆனால் நான் பக்கத்தில் அமர்ந்து 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கினால், பாத்திஹா சூராவை ஏறக்குறையப் பிழையில்லாமல் ஓதி முடிப்பார்கள். மகள் அப்போது பதினொராம் ஆண்டு. "தண்ணி எண்டு சொல்ல ஏலாத வாப்பும்மா எப்படி வாப்பா ஓதுறா?" என்று கேட்டாள். "குர்ஆனுடைய பரக்கத் மகள்" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் குறையில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது விடையுமல்ல.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச்சுப் போனதால் புத்தியும் போய்விட்டதென்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நானும் என் சகோதரர்களும் காணி பிரிப்பதைப் பற்றிப் பேசினோம். உம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். களைப்பு என்று நினைத்தேன். "வாப்பும்மாக்கு எல்லாம் விளங்குது, கண்ணைப் பாருங்க" என்று மகள் சொன்னாள். சின்னப் பிள்ளையின் பேச்சென்று யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் உம்மா வபாத்தானார்கள்.

மகள் அந்தக் கேள்வியை விடவில்லை. 1861ஆம் ஆண்டிலேயே பிரான்ஸின் போல் புரோகா என்ற வைத்தியர், 'டான்' என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்லக்கூடிய ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருப்பதைக் கண்டாராம். அந்தப் பகுதி பழுதானால் புதிதாகச் சொல் கோப்பது கடினமாகும். மற்றவர் பேசுவது பெரும்பாலும் விளங்கும். மனனமிட்ட துஆ, ஒன்று இரண்டு என எண்ணுவது, கிழமை நாட்கள் போன்றவை பல பேருக்குத் தப்பிவிடும். "அதுதான் வாப்பா நான் படிக்கணும். உடம்பும் மனசும் சந்திக்கிற இடம்" என்றாள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை விரித்துக்கொண்டு மூவரும் பாயில் அமர்ந்தோம். தேடத் தேடச் சங்கடம். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் அங்கே உயிரியலோடு உளவியல் வராது. பேராதனையில் உளவியல் கலைப்பீடத்தின் கீழ். உடம்பு ஒரு பீடத்தில், மனம் இன்னொரு பீடத்தில்! பல்குப் பிரதேசத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், ஒரே நூலில் உடலுக்கு ஒரு பாகம், உள்ளத்துக்கு ஒரு பாகம் எழுதியது நினைவுக்கு வந்தது. கோபம், பயம், கவலை, வஸ்வாஸ் எல்லாவற்றையும் அவர் அங்கே ஆராய்கிறார்.

கடைசியில் மகளே கண்டுபிடித்தாள். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானம் என்று நான்கு வருடப் பட்டம். உடற்கூற்றியலும் உண்டு, உளவியலும் உண்டு, மொழியியலும் உண்டு. பாரிசவாதம் வந்தவரைப் பேசப் பழக்குவதும், பேச்சுப் பிந்திய குழந்தைக்கு உதவுவதும் அதன் வேலை. "பேசப் பழக்க நாலு வருசமா?" என்றாள் என் மனைவி. விண்ணப்பத்தில் முதலாவதாக மருத்துவத்தைப் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். போட்டோம், கிடைக்காதென்று தெரிந்தே. இரண்டாவதாக மகள் தன் விருப்பத்தை எழுதினாள்.

தாய்மாரே, பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் என்னென்ன பாடம் என்று கேளுங்கள். அதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடமே கேட்பது இன்னும் நல்லது. மனித நடத்தையைப் படிக்கப் போகிறவள் புள்ளிவிபரவியலிலிருந்து தப்பமுடியாது. கணக்குக் கசக்கும் பிள்ளை அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மருத்துவ பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். என் மகள் முதல் ஆறு மாதமும் அகராதியோடுதான் தூங்கினாள். உளவியலில் பட்டம் எடுத்த உடனே மருத்துவ உளவியலாளராக முடியாது என்பதையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முதுதத்துவமாணிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். இதை யாரும் சொல்லாமல் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பின்னர் கவலைப்படும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன்.

மகள் இப்போது மூன்றாம் வருடம். போன விடுமுறையில் வந்தவள், நாவும் அண்ணமும் வரைந்த கொப்பியை என் முன்னால் வைத்தாள். "வாப்பா, ளாத் எழுத்துட மக்ரஜைச் சொல்லுங்க."

நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களோடு சேரும் இடம் என்று, இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சொன்னேன். அவள் படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் தீட்டினாள். பிறகு டோர்ச் லைட்டை எடுத்து வந்தாள்.

"வாயத் திறந்து ஒருக்கா சொல்லிக் காட்டுங்க, பாப்பம்."

குசினிக்குள்ளிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.