எங்கள் தொகுதி எம்.பி.க்கு

ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்ற நோயின் பெயரை நம்மில் பலர் முதலில் கேள்விப்பட்டதே, பதினாறு கோடி ரூபாய் ஊசிக்குப் பணம் திரட்டும் வாட்ஸ்அப் செய்திகளில்தான். குழந்தையின் படம், வங்கிக் கணக்கு எண், ஒரு கெடு தேதி. நானும் அனுப்பியிருக்கிறேன், என்னால் முடிந்ததை. ஆனால் உண்டியல் குலுக்கி ஆராய்ச்சி நடத்த முடியாது, சார்.

அந்த நோய்க்குக் காரணமான மரபணு 1995இல் பிரான்சில் அடையாளம் காணப்பட்டது. முதல் மருந்தான நுசினெர்சென் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2016 டிசம்பரில். நடுவே 21 ஆண்டுகள்! அந்த மருந்து எந்த இடத்தில் போய் ஒட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தது மருந்து கம்பெனி அல்ல, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர சிங்கின் குழு. லாபக் கணக்கு பார்ப்பவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். அதனால்தான் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வேண்டும் என்கிறேன்.

இங்கே 2021இல் இதுபோன்ற அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அதன் மையங்களில் ஒன்று. தேசிய நிதியம் அமைத்து இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. நீதிபதி சொல்லும்வரை விட்டிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

சிகிச்சைக்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு என்று மக்களவையில் தனித்தனியாகக் கேளுங்கள். ஆராய்ச்சிக் கணக்கைத் தனியாகக் கேட்கச் சொல்வது ஏனென்றால், ஒரு வருஷம் பணம் நின்றால் ஆய்வு மாணவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே கொடுங்கள். அப்போதுதான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.